கேள்விப்படாமலே போனவர்களின் கதி என்ன? சபைகள் ஒத்துப்போகும் இடமும் பிரியும் இடமும்

பெரிய வெள்ளிக்கிழமையன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரே வீட்டிலிருந்து இரண்டு கார்கள் வெவ்வேறு திசையில் கிளம்புவதைப் பார்க்கலாம். ஒன்று ஏழு வார்த்தை ஆராதனைக்கு. இன்னொன்று மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலுக்கு, மஞ்சள் புடவையும் வேப்பிலையுமாக. கரும்புத் தோட்டக் காலத்தில் அன்றைக்கு விடுமுறை கிடைத்ததால் திருவிழாவும் அந்த நாளிலேயே ஊன்றிவிட்டது என்பார்கள். இந்த ஏற்பாட்டில் வருடம் முழுவதும் யாருக்கும் சங்கடம் இல்லை.

அந்தக் கோயிலுக்குப் போய்வந்த ஆயா இறந்துபோகும் நாளில்தான் சங்கடம் வருகிறது. மகள் பெந்தெகொஸ்தே சபை, மருமகன் கத்தோலிக்கர், பேரன் எந்தப் பக்கமும் இல்லை. கூடத்தில் உடல் கிடக்கும்போது ஆறுதல் சொல்ல வந்த ஒருவர், "இரட்சிக்கப்படாமல் போய்விட்டார்களே" என்கிறார். பக்கத்து நாற்காலியில் இருப்பவர், "கடவுளுக்கு அவர்கள் மனசு தெரியும்" என்கிறார். இருவர் கையிலும் இருப்பது பைபிள்தான். எது கிறிஸ்தவத்தின் பதில்?

ஒரே பதில் கிடையாது. பல பதில்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வசன ஆதாரமும் நூற்றாண்டுக் கணக்கில் வரலாறும் உண்டு. அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து, அதுதான் கிறிஸ்தவம் என்று மேடையில் சொல்லும்போது குழப்பம் தொடங்குகிறது.

முதலில் கேள்வியைப் பிரித்துக்கொள்வோம்

"சுவிசேஷம் கேட்காதவர்கள்" என்று மொத்தமாகச் சொல்கிறோம். அதற்குள் குறைந்தது நான்கு வகையினர் இருக்கிறார்கள்.

1. கேட்க வழியே இல்லாதவர்கள். இயேசுவுக்கு முன்பு வாழ்ந்தவர்கள், கொலம்பஸ் போய்ச் சேர்வதற்கு முந்தைய அமெரிக்கப் பழங்குடிகள், சங்கப் புலவர்களின் ஊர்க்காரர்கள் எல்லோரும் இதில் வருவார்கள்.

2. கேட்டாலும் புரிந்துகொள்ளும் நிலையில் இல்லாதவர்கள். கைக்குழந்தைகள், கடுமையான மூளை வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள்.

3. பெயரை மட்டும் கேட்டவர்கள், அல்லது கோணலாகக் கேட்டவர்கள்.

4. தெளிவாகக் கேட்டு, யோசித்து, வேண்டாம் என்றவர்கள்.

இறையியல் புத்தகங்கள் பெரும்பாலும் முதல் வகையைப் பற்றியே பேசுகின்றன. நம் வீட்டு ஆயா மூன்றாவது வகையாக இருக்கலாம், நான்காவதாகவும் இருக்கலாம்; முதல் வகை மட்டும் கிடையாது. மாரியம்மன் கோயிலுக்குப் போகும் வழியில் எத்தனை சர்ச்சுகளைத் தாண்டிப் போயிருப்பார்! முதல் வகைக்கு எழுதிய பதிலை அவர்மேல் அப்படியே ஒட்டுவது தவறு. கண்டனமாக ஒட்டினாலும் தவறு, ஆறுதலாக ஒட்டினாலும் தவறு.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. புராட்டஸ்டன்ட் சபைகளின் "சுவிசேஷம்", "இரட்சிப்பு" ஆகியவைதான் கத்தோலிக்கரின் "நற்செய்தி", "மீட்பு". பொருள் ஒன்றே.

இரு பக்க வசனங்கள்

கண்டிப்பான பக்கம் முதலில் எடுப்பது யோவான் 14:6: "என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான்." அப்புறம் வேறொரு நாமத்தினால் இரட்சிப்பு இல்லை என்னும் அப்போஸ்தலர் 4:12. மூன்றாவது பவுலின் கேள்வி, ரோமர் 10:14: "அவரைக்குறித்துக் கேள்விப்படாதவர்கள் எப்படி விசுவாசிப்பார்கள்?"

மறுபக்கத்திலும் கனம் குறைவில்லை. எல்லா மனுஷரும் இரட்சிக்கப்பட வேண்டும் என்பதே தேவ சித்தம் என்கிறது 1 தீமோத்தேயு 2:4. எந்த ஜனத்திலும் தேவனுக்குப் பயந்து நீதி செய்கிறவன் அவருக்கு உகந்தவன் என்று, யூதனல்லாத ரோமப் படைத்தலைவன் கொர்நேலியுவின் வீட்டில் பேதுரு சொல்கிறார். எஜமானுடைய சித்தத்தை அறியாத வேலைக்காரனுக்குச் சில அடிகள், அறிந்தவனுக்கு அநேக அடிகள் என்று இயேசுவே லூக்கா 12இல் கணக்கு வைக்கிறார். எல்லாவற்றுக்கும் அடியில் ஆபிரகாமின் பழைய கேள்வி: "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ?"

கொர்நேலியு கதையை இரு தரப்பும் தம் பக்கம் இழுப்பதுதான் வேடிக்கை. பேதுரு வருவதற்கு முன்பே அவனுடைய ஜெபம் தேவனை எட்டியதே என்கிறது ஒரு தரப்பு. அப்படியும் பேதுருவை அனுப்ப வேண்டியிருந்ததே என்கிறது மற்றது.

இரண்டு "ஆல்"

இந்தச் சண்டையின் முடிச்சு எங்கே இருக்கிறது என்பதைத் தமிழில் சொல்வது சுலபம். இரண்டு வாக்கியங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

அ. கிறிஸ்துவால்தான் இரட்சிப்பு.

ஆ. கிறிஸ்துவை அறிந்தால்தான் இரட்சிப்பு.

இரண்டிலும் "ஆல்" இருக்கிறது. முதலாவது வேற்றுமை உருபு. காரியம் யாரால் நடக்கிறது என்று சொல்கிறது. இரண்டாவது நிபந்தனை, என்ன செய்தால் கிடைக்கும் என்று சொல்கிறது. முதல் வாக்கியத்தை மரபுவழிச் சபைகள் எல்லாமே ஏற்கின்றன. இரண்டாவது வாக்கியத்தில்தான் பிரிகின்றன. மேலே சொன்ன யோவான் வசனத்திலும் "என்னாலேயல்லாமல்" என்றுதான் இருக்கிறது, "என்னை அறிந்தாலல்லாமல்" என்று இல்லை. அது போதுமா, போதாதா என்பதில்தான் வாதம்.

டர்பனில் குழாயைத் திறந்து தண்ணீர் குடிப்பவர் உம்கெனி ஆற்றையோ இனந்தா அணையையோ கேள்விப்பட்டிருக்க வேண்டும் என்று இல்லை. அணையிலிருந்து வந்த தண்ணீர் அவருடைய தாகத்தைத் தீர்த்துவிடும். முதல் "ஆல்" போதும் என்பவர்களின் வாதம் ஏறத்தாழ இது. மறுதரப்பின் பதிலும் லேசானதல்ல: தண்ணீரைத் தெரியாமல் குடிக்கலாம், ஆனால் விசுவாசம் என்பது ஒருவரை நம்புவது, யார் என்றே தெரியாத ஒருவரை எப்படி நம்ப முடியும்?

சபைகள் தந்திருக்கும் பதில்கள்

1. கேட்டே ஆக வேண்டும்.

உயிரோடிருக்கும்போது சுவிசேஷத்தைக் கேட்டு விசுவாசிக்காதவருக்கு இரட்சிப்பு இல்லை என்பது இது. 1442இல் புளோரன்ஸ் பொதுச்சங்கத்தின் ஆணை, சபைக்கு வெளியே இருப்பவர்கள் சாவதற்குள் சேராவிட்டால் நித்திய அக்கினிக்குத்தான் போவார்கள் என்றது. 1646இல் எழுதப்பட்டு பிரஸ்பிட்டேரியன் சபைகளின் அடிப்படையாக ஆன வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, இயற்கையின் வெளிச்சத்தைக் கொண்டு எவ்வளவு கவனமாக வாழ்ந்தாலும் அதனால் மீட்பு இல்லை என்கிறது. சுவிசேஷ ஊழியத் தலைவர்கள் கூடி எழுதிய 1974இன் லொசான் உடன்படிக்கையும் இயற்கையின் மூலம் எல்லோருக்கும் கடவுளைப் பற்றிக் கொஞ்சம் தெரியும் என்று ஒப்புக்கொள்கிறது, ஆனால் அந்த அறிவு இரட்சிக்கும் என்பதை மறுக்கிறது. அதே லொசான் இயக்கத்தின் மூன்றாவது மாநாடு 2010இல் நம் கேப்டவுனில் நடந்தது. டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பெந்தெகொஸ்தே மேடைகளில் அதிகம் கேட்பது இந்தப் பதில்தான்.

இதில் அநீதி எங்கே என்று இந்தத் தரப்பு திருப்பிக் கேட்கும். யாரும் கேள்விப்படாததற்காகத் தண்டிக்கப்படுவதில்லை, செய்த பாவத்துக்காகத்தான். நோயாளி சாவது நோயால், மருத்துவர் வராததால் அல்ல. தர்க்கம் சரிதான். ஆனால் அந்த மருத்துவர் எங்கும் போகக்கூடியவராக இருந்தால் அடுத்த கேள்வி தானாக வந்து நிற்கும்.

இரண்டாவது வகையில் இந்தப் பதில் இடறுவதையும் சொல்ல வேண்டும். பிரசங்கமே கேட்காமல் இறந்துபோகும் குழந்தைகளை என்ன செய்வது? கடவுள் தெரிந்தெடுத்த குழந்தைகளைக் கிறிஸ்து ஆவியானவர் மூலம் மீட்கிறார் என்று அதே வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை முந்தின பத்தியிலேயே சொல்கிறது. அப்படியானால் கேட்காமலும் மீட்பு நடக்கலாம் என்பதைக் கொள்கை அளவில் ஒத்துக்கொண்டாயிற்று. மிச்சம் இருப்பது, அந்தக் கதவு எவ்வளவு அகலம் என்பதுதான். கண்டிப்பான தரப்பின் மிகப் பலவீனமான இடம் இது என்பது என் கணிப்பு.

2. கிடைத்த வெளிச்சத்தின்படி.

மீட்பது கிறிஸ்துதான், ஆனால் அவர் பெயரை அறியாதவரும், மனசாட்சியில் கிடைத்த வெளிச்சத்துக்கு உண்மையாக இருந்தால், அந்த மீட்புக்குள் வரலாம். இது நேற்று முளைத்த கருத்து அல்ல. இரண்டாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ அறிஞர் ஜஸ்டின், வார்த்தையானவரோடு, அதாவது கிறிஸ்துவோடு, இசைந்து வாழ்ந்த சாக்ரடீசும் ஹெராக்ளிட்டசும் கிறிஸ்தவர்களே என்று எழுதினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், காட்டில் விலங்குகளுக்கு நடுவே வளர்ந்த ஒருவனை எடுத்துக்கொண்டார். அவன் நன்மையைத் தேடி நடந்தால் கடவுள் உள்ளுக்குள் உணர்த்துவார், இல்லையென்றால் ஒரு போதகரை அனுப்புவார் என்றார். அடுத்த நூற்றாண்டில் தாந்தே தன் காவியத்தில் இதே கேள்வியை நம் பக்கமே திருப்பினார்: சிந்து நதிக்கரையில் பிறந்தவன், கிறிஸ்துவைப் பற்றிச் சொல்ல அங்கே ஆள் இல்லை, அவன் செய்த குற்றம் என்ன?

கத்தோலிக்கத் திருச்சபை இந்தப் பக்கம் முழுதாகத் திரும்பியது 1964இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருச்சபை பற்றிய கொள்கை விளக்கத்தில். தன் குற்றமில்லாமல் நற்செய்தியை அறியாதவர், நேர்மையாகக் கடவுளைத் தேடி, அருளின் தூண்டுதலால் மனசாட்சிப்படி வாழ முயன்றால், அவரும் மீட்பு அடையலாம் என்கிறது அது. "அடைவார்" என்று எழுதவில்லை, "அடையலாம்" என்றுதான். அதற்கு முன்பே ஒரு விநோதமும் நடந்திருந்தது. சபைக்கு வெளியே மீட்பே இல்லை என்பதை மிகக் கண்டிப்பாகப் போதித்த லியோனார்ட் ஃபீனி என்ற பாஸ்டன் குருவை ரோம் 1949இல் கண்டித்தது. கீழ்ப்படிய மறுத்ததால் 1953இல் சபையிலிருந்தே விலக்கியது. அவர் பிடித்திருந்தது பழைய வாசகம்தான், ஆனால் பழைய பொருளில் பிடித்திருந்தார்.

மெதடிஸ்டுகளின் மூதாதை ஜான் வெஸ்லியும் ஏறத்தாழ இங்கேதான். வெளியே இருப்பவர்களுக்குத் தீர்ப்புச் சொல்ல வேதம் தனக்கு அதிகாரம் தரவில்லை என்று பிரசங்கித்தார்.

3. சாவுக்குப் பின் ஒரு வாய்ப்பு.

கிறிஸ்து போய் "காவலிலுள்ள ஆவிகளுக்குப் பிரசங்கித்தார்" என்னும் 1 பேதுரு 3:19தான் இதற்குப் பிடி. விசுவாசப் பிரமாணத்தில் பாதாளத்தில் இறங்கினார் என்று வாரா வாரம் சொல்கிறோமே, அதுவும். எதிர்ப்பு எபிரெயர் 9:27இலிருந்து வருகிறது: ஒரே தரம் மரிப்பது, பின்பு நியாயத்தீர்ப்பு.

4. கடைசியில் எல்லோரும்.

கடவுள் கடைசியில் எல்லோரையும் மீட்டுவிடுவார் என்று மூன்றாம் நூற்றாண்டில் இறையியலாளர் ஒரிகன் எழுதினார். 553இல் கான்ஸ்டான்டிநோபிள் பொதுச்சங்கத்தின் கண்டனப் பட்டியலில் அவர் பெயர் ஏறியது. கருத்து அடங்கிவிட்டதா என்றால் இல்லை.

5. நமக்குத் தெரியாது.

இது நழுவல் போலத் தோன்றும், ஆனால் பொறுப்போடு சொன்ன பதில். உலகச் சபைகள் மன்றத்தின் 1989 சான் அன்டோனியோ மாநாடு இரண்டு வாக்கியங்களில் முடித்துக்கொண்டது: இயேசு கிறிஸ்துவைத் தவிர வேறு இரட்சிப்பின் வழியை எங்களால் காட்ட முடியாது, கடவுளின் இரட்சிக்கும் வல்லமைக்கு எல்லை போடவும் எங்களால் முடியாது.

நேட்டாலில் இது வழக்காகவே வந்தது

இது எங்கோ ஐரோப்பாவில் நடந்த விவாதம் என்று நினைக்க வேண்டாம். ஆங்கிலிக்கன் உலகத்தையே உலுக்கிய ரகளை நம் மாகாணத்தில்தான் தொடங்கியது.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 342 பேரோடு ட்ரூரோ கப்பல் டர்பன் வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டே பீட்டர்மாரிட்ஸ்பர்க் அருகே எகுகன்யேனி மிஷன் நிலையத்து அச்சுக்கூடத்திலிருந்து ஒரு புத்தகம் வெளிவந்தது. எகுகன்யேனி என்றால் சூலு மொழியில் வெளிச்சத்தின் இடம். எழுதியவர் நேட்டாலின் முதல் ஆங்கிலிக்கன் பிஷப் ஜான் வில்லியம் கொலன்சோ. ரோமர் நிருபத்துக்கு ஒரு மிஷனரியின் பார்வையில் எழுதிய விளக்கம் அது.

சூலு மக்களுக்கு முன்னோர் என்பவர்கள் போய் முடிந்தவர்கள் அல்ல. அமாட்லோசி என்ற பெயரில் வீட்டோடு இருப்பவர்கள், நம் வீட்டில் படையல் போடும்போது தாத்தா வந்து நிற்பதைப் போல. அவர்கள் எல்லோரும் முடிவில்லாத அக்கினியில் இருக்கிறார்கள் என்று அந்த மக்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல கொலன்சோவால் முடியவில்லை. நித்திய ஆக்கினைப் போதனையை இனித் தன்னால் போதிக்க முடியாது என்று எழுதினார். ரோமர் 5ஆம் அதிகாரத்தை எடுத்து வாதாடினார்: ஆதாமின் வீழ்ச்சியில் எல்லோரும் தெரியாமலே பங்கு பெற்றார்கள் என்றால், கிறிஸ்துவின் ஈவிலும் எல்லோருக்கும் பங்கு உண்டு, கேள்விப்பட்டிருந்தாலும் கேள்விப்படாவிட்டாலும். மிஷனரியின் வேலை, ஏற்கனவே மீட்கப்பட்டிருக்கிறீர்கள் என்ற சேதியைச் சொல்வது.

சும்மா விடுவார்களா? இதோடு பைபிளின் முதல் ஐந்து நூல்களான மோசேயின் ஆகமங்களைக் கேள்வி கேட்ட அவருடைய அடுத்த புத்தகமும் சேர்ந்துகொண்டது. 1863இல் கேப்டவுன் பிஷப் ராபர்ட் கிரே விசாரணை நடத்தி, வேதப்புரட்டு என்று தீர்ப்பளித்து, அவரைப் பதவியிலிருந்து இறக்கினார். லண்டனில் மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1865இல், கிரேக்கு அந்த அதிகாரமே கிடையாது என்றது. கொலன்சோ தன் ஆலயத்தை விடவில்லை. கிரே வேறொரு பிஷப்பை நியமித்தார். ஒரே ஊரில் இரண்டு பிஷப். 1867இல் ஆங்கிலிக்கன் பிஷப்புகளின் முதல் லாம்பெத் மாநாடு கூடியதற்கு இந்தத் தகராறும் ஒரு காரணம். "சபையின் அஸ்திபாரம்" என்று நம் தமிழ் ஆராதனையில் பாடுகிறோமே, அதன் ஆங்கில மூலம் 1866இல் இந்தச் சண்டையின் சூட்டில்தான் எழுதப்பட்டது. சபை பிரிவினைகளாலும் வேதப்புரட்டாலும் கிழிந்து கிடக்கிறது என்ற வரி குறிப்பது நேட்டால் விவகாரத்தை.

முன்னோர் கேள்வி மிஷனரியின் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான் முதல் தடவையும் அல்ல. தூத்துக்குடிக் கடற்கரையில் பரதவர்களிடம் வேலை செய்த பிரான்சிஸ் சேவியர், அப்புறம் ஜப்பான் போனார். அங்கே மனம் மாறியவர்கள், செத்துப்போன தாய் தகப்பனை நரகத்திலிருந்து மீட்க ஜெபமோ தருமமோ உதவாதா என்று கேட்டு அழுதார்கள், வழியில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது, அவர்கள் அழுவதைப் பார்க்கத் தனக்கும் வேதனையாக இருந்தது என்று 1552இல் கொச்சியிலிருந்து கடிதம் எழுதினார். சேவியர் போதனையை வைத்துக்கொண்டு வேதனைப்பட்டார். கொலன்சோ போதனையைக் கைவிட்டார்.

அப்படியானால் ஏன் பிரசங்கிக்க வேண்டும்?

இரண்டாவது பதிலைக் கேட்டவுடன் எல்லோரும் கேட்பது இது. கேள்விப்படாதவர் தப்பிக்கலாம் என்றால், போய்ச் சொல்லி அவரை ஆபத்தில் மாட்டிவிடுவானேன்?

1. அந்தப் பதில், அறியாமையே காப்பாற்றும் என்று சொல்லவில்லை. அறியாமை குற்றமாகாது என்று மட்டுமே சொல்கிறது. காப்பாற்றுவது கிறிஸ்து.

2. பிரசங்கத்தின் பயன் நரகத்திலிருந்து தப்பிப்பது ஒன்றுதான் என்ற முன்முடிவு கேள்வியிலேயே ஒளிந்திருக்கிறது. கொலன்சோ அதை ஏற்கவில்லை. பள்ளி நடத்தினார், சூலு இலக்கணமும் அகராதியும் எழுதினார்.

3. ஆனால் அவசரம் குறைகிறது என்பது உண்மை. 2018 நவம்பரில் அந்தமானின் வடக்கு சென்டினல் தீவுக்குத் தடையை மீறிப் போய்க் கொல்லப்பட்ட அமெரிக்க இளைஞர் ஜான் ஆலன் சாவ் என்பவரை அங்கே தள்ளிய வேகம் முதல் பதிலிலிருந்துதான் பிறக்கும்.

எது "கேட்டது" ஆகும்?

இப்போது மூன்றாவது வகைக்கு வருவோம். நம் வீடுகளின் விஷயம் இங்கேதான் இருக்கிறது.

1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 1,52,000 பேர். அவர்களில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாக வந்தார்கள். தமிழில் பேசக்கூடிய மிஷனரிகளும் இருக்கத்தான் செய்தார்கள். இலங்கையில் ஊழியம் செய்து தமிழ் கற்ற மெதடிஸ்ட் போதகர் ரால்ஃப் ஸ்டாட் 1862இல் வந்தார். டாக்டர் பூத் 1883இல் புனித எய்டன் மிஷனைத் தொடங்கினார். ஆக, நற்செய்தி காதில் விழாமல் இல்லை.

ஆனால் எப்படி விழுந்தது? கிறிஸ்தவம் என்பது தோட்ட முதலாளியின் மதமாகவும்தான் கண்முன் நின்றது. வாரம் ஆறு நாள் கசக்கிப் பிழிந்தவர் ஏழாம் நாள் சர்ச்சுக்குப் போனார். பிற்பாடு நிறவெறி ஆட்சி வந்தபோது அதற்கும் வேத வசனத்தில் நியாயம் தேடிய சபைகள் இருந்தன. இதையெல்லாம் பார்த்தபடி சுவிசேஷத்தைக் கேட்ட ஒருவர் "வேண்டாம்" என்றால், அவர் மறுத்தது எதை?

இந்தக் கேள்விக்கு மிகக் கூர்மையான பதிலை 1539இலேயே ஒரு ஸ்பானிய டொமினிக்கன் துறவி சொல்லிவிட்டார். சலமாங்கா பல்கலைக்கழகத்தில் அமெரிக்கப் பழங்குடிகளைப் பற்றிச் சொற்பொழிவாற்றிய பிரான்சிஸ்கோ தெ விட்டோரியா, கிறிஸ்துவைப் பற்றி எதுவும் கேளாதவர்கள்மேல் அவிசுவாசம் என்ற பாவம் இல்லை என்றார். அதோடு நிற்கவில்லை. வெறுமனே அறிவித்துவிட்டால் அவர்கள் நம்பக் கடமைப்பட்டவர்கள் ஆகிவிட மாட்டார்கள். நம்பத்தகுந்த விதத்தில், நல்ல நடத்தையின் சாட்சியோடு சொல்லியிருக்க வேண்டும். தன் காதுக்கு வருவதோ ஸ்பானியர்களின் அட்டூழியங்கள் என்றார். அவர் கணக்கில் அது சரியாகச் சொன்னதாகவே ஆகாது.

இதை ஏற்றால் மூன்றாவது வகை பெரிதாகிறது, நான்காவது சுருங்குகிறது. சொல்பவன் கெட்டவன் என்பதால் சேதி பொய்யாகிவிடாது என்று கண்டிப்பான தரப்பு மறுக்கும். மறுப்பு சரியானதே. ஆனால் கேள்வி சேதி மெய்யா பொய்யா என்பதல்ல; கேட்டவர்மேல் எவ்வளவு பொறுப்பு விழுகிறது என்பது. அங்கே எனக்கு விட்டோரியாதான் சரியாகப் படுகிறார்.

வீட்டில் என்ன மாறுகிறது

எந்தப் பதிலை ஒரு சபை ஏற்கிறது என்பது கடைசியில் ஜெபத்தில் தெரியும். பெந்தெகொஸ்தே, பிரஸ்பிட்டேரியன் சபைகளில் இறந்தவருக்காக ஜெபிப்பதில்லை. இருக்கிறவர்களின் ஆறுதலுக்காகத்தான் ஜெபம். பெயரைச் சொல்லாமல் விட்டுவிட்டார்களே என்று பேரன் கோபப்படுவான். அது ஆயாவை அவமதிப்பது ஆகாது. அங்கே விசுவாசியாக இறந்தவருக்கும் அதே விதிதான். சில போதகர்கள் அடக்கத்தன்று கதியைப் பற்றி வாயே திறப்பதில்லை. ஐந்தாவது பதிலைச் சொல்லாமல் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கத்தோலிக்க மருமகன் பதினாறாம் நாளை ஒட்டி ஒரு பூசை வைக்கலாம். குரு நான்காம் நற்கருணை மன்றாட்டைத் தேர்ந்தெடுத்தால், அதில் கிறிஸ்துவின் சமாதானத்தில் இறந்தவர்களுக்கு அடுத்து இன்னொரு கூட்டத்துக்காகவும் வேண்டுதல் வரும்: எவருடைய விசுவாசத்தை ஆண்டவர் ஒருவரே அறிவாரோ, அந்த இறந்தவர்கள் எல்லோருக்காகவும். அந்த வரி வரும்போது மருமகன் ஆயாவை நினைத்துக்கொள்ளலாம். அதே நேரத்தில் வீட்டில் மகன் படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றிக்கொண்டிருப்பார்.